சத்திரத்தில் இருந்தவர்கள்

1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தபோது எனக்கு வயது 10. தஞ்சாவூரில் கிறிஸ்துமஸ் பலகாரம் தின்ற அசதியில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். அடுத்த ஞாயிறு, 29-ம் தேதி, எங்கள் கோயிலில் தேசத்தின் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். வெண்மணி என்ற பெயர் வரவில்லை. ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றதைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அதற்கு முந்தின நாள்தான்.

அந்தச் சமாதானம் என்ற சொல் இன்னும் உறுத்துகிறது. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களும், செங்கொடியை இறக்கு என்றவர்களும் எதிரெதிரே நின்ற மண் அது. அங்கே பொதுப்படையாகச் சமாதானம் கேட்டால், கூலி பழையபடியே இருக்கட்டும் என்று கேட்டதாகத்தான் ஆகிறது. ஜெபித்தவர்கள் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள். நினைக்காமலே ஆகிவிடுகிறது என்பதுதான் பிரச்சினை.

வாசிக்கத் தொடங்கிய வயதில் வேறொரு வழி கண்டேன்: எரிந்த குடிசையில் கிறிஸ்துவைப் பார்ப்பது. தேதி, குழந்தைகள், கூரை எல்லாம் படிமமாக வந்து விழுந்தன. அவ்வளவு சுலபமாக வந்ததாலேயே பிறகு சந்தேகம் வந்தது. இறந்தவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், என் விசுவாசத்துக்குச் சாட்சியாக இறக்கவில்லை. அவர்கள் சாவை எங்கள் கதைக்குள் இழுத்துக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை?

அதுவும் எந்தச் சபையின் கதைக்குள்? 1820-களின் கடைசியில், புதிதாய் வந்த மிஷனரிகள் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்காரச் சொன்னபோது, எதிர்த்து எழுதியவர் தஞ்சைச் சபையின் பெருங்கவி வேதநாயகம் சாஸ்திரியார். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அறவே கூடாது என்று எழுதினார். தஞ்சையில் பலர் சபையை விட்டே போனார்கள். சாஸ்திரியார் பாட்டுகளை இன்றும் நான் மனமுருகித்தான் பாடுகிறேன். இதை எப்படிச் சரிக்கட்டுவது என்று தெரியவில்லை.

ஆகவே தொழுவத்தில் எனக்கு இடமில்லை. ஏரோதுவும் நானல்ல. அந்த இரவு சத்திரத்தில் முன்பே படுத்திருந்தவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொடியவர்கள் இல்லை, தூரத்திலிருந்து வந்தவர்கள், பிரயாண அலுப்பு வேறு. வாசலில் பேச்சுக்குரல் கேட்டிருக்கும். யாரோ எழுந்து பார்த்துக்கொள்வார்கள் என்று புரண்டு படுத்திருப்பார்கள்.

நாகப்பட்டினம் கோர்ட்டு 1970-ல் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் ஹைகோர்ட்டு விடுவித்தது: ஏராளமாக நிலமுள்ளவர்கள், ஒருவர் காரே வைத்திருப்பவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினமாம். சத்திரத்துக்குள்ளிருந்து பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். எங்கள் வீட்டிலும் நியாயமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

வெண்மணியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வருஷாவருஷம் டிசம்பர் 25-ல் ஜனங்கள் கூடுகிறார்கள். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டும் தை கடைசியில், அறுப்பு முடிந்த பிறகு. டிசம்பர் 25 அன்று போனதில்லை. அன்றைக்கு எனக்குக் கோயில் இருக்கிறது.