உடைமையும் அறிவும்

தமிழ் இலக்கணகாரர் ஆறாம் வேற்றுமைக்குரிய பொருளைக் கிழமை என்றனர். அக்கிழமையையும் இரண்டாகப் பகுத்தனர். 'சாத்தனது கை' என்பது தற்கிழமை. கை சாத்தனைவிட்டுப் பிரியாது. 'சாத்தனது வீடு' என்பது பிறிதின்கிழமை, வீடு கைமாறக்கூடியது. பொருளுக்கும் மனிதனுக்குமுள்ள உறவை நுணுகி நோக்கியோர் செய்த பகுப்பு இது. நம் காலத்திலோ இவ்விரண்டிலும் அடங்காத உறவொன்று தோன்றியிருக்கிறது. பொருள் வாங்கியவன் வாசலில் நிற்கிறது; பதிவுப் புத்தகத்தில் அவன் பெயர் இருக்கிறது; அதை இயக்கும் அறிவு மட்டும் கடல்களுக்கு அப்பால் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இதனை எக்கிழமை என்பது? இது இலக்கண வினாவாகத் தோன்றலாம். உண்மையில் இது அறத்தின் வினாவாகும்.

மட்டக்களப்புக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், வாவி கடலோடு கலக்கும் கரையிலுள்ளது பனிச்சங்கேணி. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2006ஆம் ஆண்டின் இறுதியில் வாகரைப் பிரதேச மக்களை ஊர்பெயரச் செய்த போரையும் கண்ட மண் அது. அங்கே பிடிபடும் மீனும் இறாலும் நண்டும் வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ சென்றாலன்றிக் காசாவதில்லை. ஐஸ் பெட்டிகளைச் சுமந்தோடும் டீசல் பிக்கப் அங்கு வசதியின் சின்னமன்று. வலைக்கும் வள்ளத்துக்கும் அடுத்த தொழிற்கருவி. ஒரு விடியற்காலையில் அது இயங்க மறுத்தால், ஐஸ் உருகும் வேகத்தில் ஒரு குடும்பத்தின் இரவு முழுவதுமான உழைப்பும் உருகிப்போகும்.

பழைய டீசல் எஞ்சினுக்குக் காற்றும் எண்ணெயும் ஒரு சுழற்சியும் போதும். அதன் எண்ணெய்ப் பம்பைக் கழற்றிப் பார்த்தே குறையறியும் கைகள் ஊர்தோறும் இருந்தன. 1990களின் பிற்பகுதி முதல் நிலைமை மாறிற்று. இன்றைய எஞ்சினில் எண்ணெய், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் காத்து நிற்கிறது. அது எக்கணத்தில், எத்துணை அளவில் பீச்சப்பட வேண்டும் என்பதை ஒரு சிறு பெட்டி முடிவு செய்கிறது. எஞ்சின் சுழலும் வேகம், உட்செல்லும் காற்று, நீரின் வெப்பம், ஓட்டுநரின் கால் அழுத்தம் ஆகிய செய்திகளை உணரிகள் அதற்கு அனுப்புகின்றன. கராஜ்காரர் அதனைக் 'கம்பியூட்டர்' என்பர். இப்பெட்டியால் எண்ணெய்ச் செலவு குறைந்தது, புகையும் குறைந்தது. இந்நன்மையை மறுப்பது நேர்மையன்று.

எனினும், வண்டி நின்றவுடன் "கம்பியூட்டர் போய்விட்டது" என்ற தீர்ப்பு எளிதாகப் பிறக்கிறது. பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருக்கும். பற்றரியின் வலு குறைந்திருக்கலாம். உப்புக்காற்றில் எர்த் வயரின் முனை பச்சை படர்ந்து அரிந்திருக்கலாம். மீன் பெட்டிக்குச் சட்டம் பொருத்தும்போது, பற்றரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் செய்திருக்கலாம். அந்த மின்சாரம் பெட்டியையே கொன்றுவிடவும் கூடும். மின்னழுத்தத்தை அளந்து, பியூஸையும் இணைப்புகளையும் பார்த்து, உணரிகளைச் சோதித்த பின்னரே பெட்டியைக் குற்றஞ்சாட்ட வேண்டும். ஊகத்தின் பேரில் அதை மாற்றுகிறவன் பிறர் பணத்தில் சூதாடுகிறான்.

சரி, பெட்டிதான் பழுது என்று ஐயமறத் தெரிந்தது. அதே இலக்கமுடைய இன்னொரு பெட்டியும் கிடைத்தது என்று கொள்வோம். சில ஆணிகளைக் கழற்றி அதைப் பொருத்த அதிக நேரம் ஆகாது. ஆயினும் வண்டி பல வேளைகளில் உயிர்பெறுவதில்லை! திறப்பிலுள்ள சிப்பைப் புதிய பெட்டி அறியாது. எண்ணெய் பீச்சும் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய திருத்தக் குறியீட்டையும் பல எஞ்சின்களில் அதற்கு ஊட்ட வேண்டும். இவற்றைச் செய்யும் கருவியும் கடவுச்சொல்லும் முகவரிடம் இருக்கின்றன. உறுப்பை விலைக்கு வாங்கலாம். அது வேலை செய்வதற்கான அனுமதியை வாங்க முடிவதில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி பிறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர ஏழைத் தொழிலாளிக்குப் போக்கிடம் இருக்கவில்லை. அப்போதும் பூட்டு பூட்டாகவே இருந்தது.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் சொல்லப்படுகிறது. பூட்டில்லாவிடில் திருடன் வண்டியைக் கொண்டுபோவான் என்பர். கண்டவன் பெட்டியில் கைவைத்தால் புகையும் விபத்தும் பெருகும் என்பர். இவை வெற்று வாதங்களல்ல. ஆனால் திருடனுக்காக இடப்பட்ட பூட்டின் திறப்பு வீட்டுக்காரனிடம் இருப்பதன்றோ முறை? புகையைக் கண்டறிய ஆண்டுதோறும் பரிசோதனை நடக்கிறது. விளைவை அளக்கலாம், அறிவைத் தடுக்க வேண்டியதில்லை. மேலும், மூடிய பெட்டி நல்லொழுக்கத்துக்கு உத்தரவாதமாகாது என்பதை உலகம் 2015 செப்டெம்பரில் கண்டது. வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில், பரிசோதனை நடக்கும் வேளையை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் கட்டளை எழுதப்பட்டிருந்தது அமெரிக்காவில் வெளிப்பட்டது. வீதியில் ஓடுகையில் நைட்ரஜன் ஒக்சைட்டுகள் வரம்பைப்போல் 40 மடங்கு வரை வெளியேறின. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அம்மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. பூட்டிய பெட்டிக்குள்ளே பொய் குடியிருக்கலாம்; அதற்கு விலை கொடுத்தவன் அதை அறியாமலே ஓட்டலாம்.

இவ்வநீதியை உணர்ந்தோர் பிறநாடுகளில் வாளாவிருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால், திருத்தத் தகவல்கள் தனியார் கராஜ்களுக்கும் பாகுபாடின்றிக் கிடைக்க வேண்டும் என்றது. 2012இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநில மக்கள் வாகனத் திருத்த உரிமைக்கு வாக்களித்தனர். தம் வண்டியின், உழவு இயந்திரத்தின் மென்பொருட் பூட்டைத் திருத்தத்துக்காக உரிமையாளர் திறப்பதற்கு 2015இல் அந்நாடு பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்களித்தது. 2025 ஜனவரியில் ஜோன் டியர் உழவு இயந்திர நிறுவனத்தின்மீது, திருத்தும் வழிகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டதாக அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. அயோவாவின் உழவனும் பனிச்சங்கேணியின் மீனவனும் ஒருவரை ஒருவர் அறியார். இருவரையும் ஒரே பூட்டு கட்டியிருக்கிறது.

எனினும் பழி முழுவதையும் தொலைவிலுள்ளோர்மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்குவது தகாது. தான் கற்றதைப் பக்கத்தில் நிற்கும் பையனுக்குக் காட்டாமல், உடலால் மறைத்துக்கொண்டு வேலை செய்யும் வழக்கம் நம்மிடையே பழையது. சிறு பூட்டும் பூட்டுத்தானே? பனிச்சங்கேணி என்ற பெயரே பனிச்சை மரத்தை நினைவூட்டுவது. அதன் காயின் துவர்ச்சாற்றில் தோய்த்தால் நூல்வலை எளிதில் உக்காது என்பதை இத்தீவின் மீனவர் அறிந்திருந்தனர். கருவியைப் பேணும் அவ்வறிவுக்கு எவரும் கடவுச்சொல் வைக்கவில்லை. தந்தை மகனுக்குக் காட்டினான், அயலான் பார்த்துக் கற்றான். வலை அவர்களுடையதாக இருந்தது, அதைப் பிழைக்கவைக்கும் அறிவும் அவர்களுடையதாக இருந்தமையினாலேயே.

ஒரு பொருளின் குறையை அறியவும் நீக்கவும் வழியற்றவன் அதற்கு உரியவனல்லன். வாடகைக்காரன், அதுவும் தவணை முடியாத வாடகைக்காரன். எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம்மால் இயலாததை, நாம் நம்பும் ஒருவர் நம் ஊரிலே செய்ய இடமிருக்க வேண்டும் என்றே சொல்கிறோம். வண்டியை விற்பவர் அதன் வயர் வரைபடத்தையும் குறியீடுகளையும் வாங்குபவருக்குத் தரச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். தொழில்நுட்பக் கல்லூரிகள் இவ்வறிவைத் தெளிந்த தமிழில் கற்பிக்கட்டும். தனியொருவரால் வாங்கவியலாத சோதனைக் கருவியை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவில் வாங்கி வைக்கட்டும். இவை பெரிய புரட்சிகளல்ல. ஆனால் இவை நடந்தால், விடியற்காலையில் நின்றுபோகும் வண்டி வெயில் ஏறுமுன் மீண்டும் ஓடும். பெட்டியிலுள்ள மீனும் அதைப் பிடித்தவனின் கூலியும் கெடாமல் சந்தை சேரும்.