வரமா, வகுத்த இடமா?

"வேற்றுமையில் ஒற்றுமை" என்னும் தொடர் நம் மறையுரைகளிலும் பங்கு விழா மேடைகளிலும் அடிக்கடி ஒலிக்கிறது. ஒருவர் பாடுகிறார், ஒருவர் மறைக்கல்வி கற்பிக்கிறார், ஒருவர் ஆலய முற்றத்தைப் பெருக்குகிறார். எல்லாம் தூய ஆவியாரின் கொடை என்று கூறி நாம் மனநிறைவு கொள்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. முற்றத்தைப் பெருக்குவது அவருக்கு இறைவன் அளித்த வரமா, அல்லது நாம் அவருக்கு வகுத்துவிட்ட இடமா? இவ்விரண்டையும் பிரித்தறியாத வரையில் நாம் பேசும் ஒற்றுமை முழுமை பெறாது.

உடலை உவமையாகக் காட்டி மக்களை ஒன்றுபடுத்தும் வழக்கம் தூய பவுலடிகளுக்கு முற்பட்டது. கி.மு. 494ஆம் ஆண்டில் உரோமை நகரின் எளிய மக்கள் கடன் சுமை தாளாமல் நகரைவிட்டு வெளியேறினர் என்றும், அவர்களைத் திருப்பி அழைக்க மெனேனியுஸ் அக்ரிப்பா அனுப்பப்பட்டார் என்றும் வரலாற்றாசிரியர் லிவி எழுதியுள்ளார். அவர் சொன்ன கதை இது: உழைக்கும் உறுப்புகள், சும்மா இருந்து உண்ணும் வயிற்றின்மேல் சினந்து உணவளிக்க மறுத்தன, முடிவில் உடல் முழுவதும் மெலிந்தது. ஆகவே ஆள்வோருக்காக உழைப்பதே உங்களுக்கும் நலம் என்பது அதன் பொருள்.

பவுலடிகள் திருமுகம் எழுதிய கொரிந்து நகரும், கி.மு. 44ஆம் ஆண்டில் யூலியுஸ் சீசரின் ஆணையால் மீண்டும் நிறுவப்பட்ட உரோமைக் குடியேற்றமே. அந்நகர்க் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் அவரும் உடலையே உவமையாகக் கொள்கிறார். ஆனால் அதன் திசையை மாற்றிவிடுகிறார். அவர் அடக்குவது எளிய உறுப்பை அன்று. கையைத் தேவையற்றதென ஒதுக்கும் கண்ணையே அவர் கடிந்துகொள்கிறார். வலுக்குறைந்தவையாகத் தோன்றும் உறுப்புகளே இன்றியமையாதவை என்கிறார். ஆண்டவரின் விருந்தில் வசதி படைத்தோர் முந்தி உண்ண, இல்லாதவர் பசித்திருந்ததை முந்திய அதிகாரத்தில்தான் கண்டித்திருந்தார். உரோமையில் எளியோரை அடக்கப் பயன்பட்ட உவமை, இங்கே பெரியோரைத் திருத்தப் பயன்படுகிறது.

இதே கேள்வி நம் தமிழ் மண்ணில் கட்டடமாகவே எழுந்து நின்றது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம், 1745ஆம் ஆண்டில் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர். சாதி பாராமல் எல்லாரும் சமம் என்று வலியுறுத்திய அந்த மறைச்சாட்சியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக அறிவித்தார். அதே ஊரில் 1872ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட ஆலயம், ஒரே பீடத்திலிருந்து இரு கிளைகளாகப் பிரிந்தது. சாதி வாரியாக மக்கள் தனித்தனியே நின்று வழிபட்டனர். எல்லாரும் ஒரே பலியைக் கண்டனர், ஒருவரையொருவர் காணவில்லை. 1910ஆம் ஆண்டில் தடுப்பு அகற்றப்பட்டபோது வழக்கு எழுந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. தனியிடம் கோரியோரின் வாதம் அங்கே ஏற்கப்படவில்லை. அவரவர் இடத்தில் அவரவர் இருந்தால் அமைதி நிலவும் என்பதே அத்தகைய சுவர்களின் நியாயம். அமைதி நிலவலாம், அது ஓர் உடலின் ஒருமைப்பாடு ஆகுமா?

வரத்தையும் இடத்தையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. குழந்தை பிறக்குமுன்பே அது இன்ன பணிதான் செய்யும் என்று நம்மால் சொல்ல முடியுமானால், அது வரம் அன்று. நாம் வகுத்த இடம். கல்லறையில் குழி வெட்டுவோரின் மகனும் குழியே வெட்டுவான், பீடத்தருகே வாசகம் வாசிப்பது வேறொரு தெருவாருக்கே உரியது என்றால், அங்கே பகிர்ந்தளிப்பவர் ஆவியார் அல்லர். அவரோ தம் விருப்பப்படி அளிக்கிறார்; ஆகவே வரம் எதிர்பாராத வீட்டிலிருந்து புறப்பட்டு நம்மை வியக்க வைக்கும். ஒரு பங்கில் எவருடைய வரமும் நம்மை வியக்க வைத்ததில்லை என்றால், அங்கே வாய்ப்பு வழங்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். முற்றம் பெருக்குவதும் குழி வெட்டுவதும் இழிவல்ல. அவற்றை ஒரே தெருவுக்கு உரியவையாக்குவதே இழிவு.

புனித அல்போன்ஸ் ரொட்ரிகஸ், மயோர்க்கா தீவில் இயேசு சபைக் கல்லூரி ஒன்றின் வாயிற்காப்பாளராக நெடுங்காலம் பணிபுரிந்த சகோதரர். அங்கே பயின்ற பீட்டர் கிளேவர் அவரை அணுகி ஆன்ம வழிகாட்டுதல் பெற்றார். அவர் தூண்டுதலால் அமெரிக்க மண்ணுக்குச் சென்று, கார்த்தஹேனா துறைமுகத்தில் ஆப்பிரிக்க அடிமைகளுக்குத் தொண்டாற்றினார். இருவரும் 1888ஆம் ஆண்டு சனவரி 15 அன்று ஒருங்கே புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். அல்போன்சின் இடம் கதவருகே. அவருடைய வரமோ ஆன்மாக்களை நடத்துவது. படிக்க வந்த மாணவர் வாயிற்காப்பாளரிடம் செவிசாய்த்தார். அவ்வரம் திருச்சபைக்குப் பயன்பட்டது.

அப்படியானால் ஒழுங்கே வேண்டாமா என்று சிலர் வினவலாம். வேண்டும். குரல்வளம் இல்லாதவரைப் பாடகர் குழுவில் நிறுத்துவது அன்பாகாது. வரங்களின் உண்மைத் தன்மையைத் தேர்ந்து தெளியும் பொறுப்பு மேய்ப்பர்களுக்கு உண்டு. ஆனால் ஆவியாரை அணைத்துவிடாமல் அதைச் செய்ய வேண்டும் என்று, 1964ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கம் கூறுகிறது. தேர்ந்து தெளிவது வேறு. பாராமலே ஒதுக்குவது வேறு. 2021ஆம் ஆண்டு சனவரியில் வாசகர், பீடப்பணியாளர் என்னும் நிலையான பணிகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. பெண்களுக்கு அவ்வரம் அன்றுதான் பிறந்ததா? வரம் முன்பே இருந்தது. கதவு பின்னர் திறந்தது.

நம் பங்குப் பேரவை அடுத்த முறை கூடும்போது, பணிப் பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசிப்போம். எந்த அன்பியத்தின் பெயர்கள் எப்போதும் தூய்மைப் பணியில் மட்டும் வருகின்றன? எந்தத் தெருவின் பெயர் வாசகர் பட்டியலில் ஒருமுறையேனும் வந்ததில்லை? அந்தத் தெருவுக்குச் சென்று, "உங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்போம். அவர்கள் சொல்லும் விடைக்குச் செவிசாய்ப்பதிலிருந்தே நம் ஒற்றுமை தொடங்கும்.