கொடுத்துக் கெட்டவரா கலைவாணர்?

கொடுத்துக் கெட்டார் என்று ஒருவரைப் பற்றி ஊர் பேசும்போது, அப் பேச்சில் பாதி புகழ், பாதி பழி. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றி இன்றளவும் அப்படித்தான் பேசுகின்றனர். கேட்டவர்க்குக் கொடுத்தார், கேளாதவர்க்கும் கொடுத்தார், தமக்கென ஏதும் சேர்த்து வைக்காமல் 1957 ஆகஸ்ட் 30-இல், நாற்பத்தெட்டு வயதில், கண் மூடினார். வள்ளல் என்பர் ஒரு சாரார். வாழத் தெரியாதவர் என்பர் மறு சாரார். இரு சாராரும் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. கொடுக்க ஒருவர் இருந்தார், சரி; வாங்கும் நிலையில் அத்தனை பேரை வைத்தவர் யார்?

கம்பனோடு நமக்குப் பழைய வழக்குகள் பல உண்டு. அவை ஒருபுறம் நிற்கட்டும். கோசல நாட்டைப் பாட வந்த இடத்தில், அங்கே வறுமை இல்லை, எனவே வள்ளன்மைக்கும் வேலை இல்லை என்று அவன் எண்ணினானே, அந்த எண்ணத்தை மட்டும் நாம் எவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வள்ளல்களின் பட்டியலை மனப்பாடம் செய்யும் நாட்டில், அவர்கள் வாசலில் நின்றவர்களின் பட்டியலை எழுதி வைத்தார் உண்டா?

கலைவாணர் அந்த இரண்டாம் பட்டியலிலிருந்து வந்தவர். 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், இளமையிலேயே நின்று போன படிப்பு. வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, பிறகு 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' முதலாகத் திரையுலகம் என்று வளர்ந்தார். நடிகர் என்று பெயர். ஆனால் பிறர் எழுதியதை ஒப்பிக்கும் நடிகரல்லர். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே புனைந்து, தம் குழுவினரைக் கொண்டு தாமே உருவாக்கிப் படங்களில் இணைத்தார். படத்துக்கு ஓர் இயக்குநர் இருப்பார்; அதனுள் ஓடும் சிரிப்புக்கு இயக்குநர் இவர். பெயர்தான் திரையில் வராது.

இடையில் இடி விழுந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், 1944 டிசம்பரில், தியாகராச பாகவதரும் அவரும் கைதாயினர். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு 1947-இல் விடுதலையில் முடிந்தது. வழக்குச் செலவு செல்வத்தைக் கரைத்தது. அவர் சிறையிலிருந்த நாள்களில் நாடகக் குழுவைக் கலைய விடாமல் நடத்தியவர்களுள் முதன்மையானவர் துணைவியார் டி.ஏ.மதுரம். கொடைவள்ளலைப் பாடும் புலவர்கள் கொடைவள்ளலின் வீட்டம்மையாரைப் பாடியதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். வெளியே போகும் ஒவ்வொரு காசும் அடுப்படியைத் தாண்டித்தான் போகிறது.

சிறை மீண்ட மனிதர் காசை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ 1949-இல் அறிஞர் அண்ணாவின் 'நல்லதம்பி'யில், எதிர்பாராமல் கைக்கு வந்த செல்வத்தை ஊருக்குப் பயன்படுத்த எண்ணும் மனிதராக வந்து நின்றார். நந்தனாருக்கு மாற்றாகக் கிந்தனார் வந்ததும் அப் படத்தில்தான். தில்லைக்குப் போக ஏங்கியவன் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்ட நாட்டில், படிக்கப் போக ஏங்கியவன் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

பிறகுதான் இயக்குநர் நாற்காலி. 1951-இல் 'மணமகள்', 1952-இல் 'பணம்'. இரண்டே படங்கள், இரண்டுக்கும் உரையாடல் கலைஞர் மு.கருணாநிதி. முன்னதில் பத்மினி கதாநாயகியானார். பின்னதில், 'பராசக்தி' வெளிவந்து சில வாரங்களே ஆன சிவாஜி கணேசன் நாயகர். நடிகர் இயக்குநரானால் தம் முகத்தையே திரை நிறையக் காட்டுவார் என்பது உலகியல். இவரோ புதியவர்களை முன்னிறுத்திவிட்டுத் தாம் ஓரத்தில் நின்றார்.

ஓரத்தில் நின்றவர் எடுத்துக்கொண்ட பொருளைப் பாருங்கள்! வரதட்சணைக் கொடுமையைச் சொல்லும் படத்துக்குப் பெயர் 'பணம்'. அதில் பணத்தைத் தேடி அவர் ஒரு பாட்டுப் பாடுவார். கள்ளச் சந்தையிலா, கருமியின் பிடியிலா, குதிரைப் பந்தயத் திடலிலா, தேர்தல் களத்திலா, எங்கே ஒளிந்தது என்று விசாரித்துக்கொண்டே போவார். கொட்டகை சிரித்தது. நடிகராய் இருந்தவரை அவர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இயக்குநரானதும், உன் பை ஏன் காலி என்று மக்களைப் பார்த்துக் கேட்டார். முன்னது பசித்தவனின் அன்றைய வயிற்றுக்கு. பின்னது அவன் அறிவுக்கு. இரண்டில் எது பெரிது என்று நம்மைக் கேட்டால், தயங்காமல் பின்னதைச் சொல்வோம். ஆனால், பசித்தவனிடம் போய்ச் சமுதாயம் மாறும் வரை பொறு என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவரைக் கெட்டவர் என்று நாம் ஒப்புவதில்லை.

1957 தேர்தலில் காஞ்சியில் அண்ணாவுக்காகப் பேச வந்தவர், எதிர்த்து நின்ற மருத்துவரையே வாயாரப் புகழ்ந்து, இத்தகைய நல்ல மருத்துவரை ஊரை விட்டு அனுப்பலாமா, அவரை இங்கே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்றாராம். அந்நாளையவர் சொல்லிச் சிரிப்பர். சென்னையிலிருந்து காஞ்சிக்கு வரும் அந்தச் சாலையில்தான் திருப்பெரும்புதூர். அன்று ஏரியும் வயலுமாய்க் கிடந்த நாடு. இன்று இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார். ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள். சுங்குவார்சத்திரத்தை ஒட்டிக் குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும். பொத்தானைத் தட்டினால் வேலை நடக்கும் காலம் வரவேண்டும் என்று மதுரத்தோடு சேர்ந்து பாடியவர் கண்டிருந்தால் களித்திருப்பார். களித்த கையோடு அந்தப் பழைய கேள்வியையும் கேட்டிருப்பார்: எந்திரம் வந்தது, பொருள் குவிந்தது, பணம் எங்கே ஒளிந்தது?

விடியுமுன் ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞனை, ஒரே அறையில் பலராய்த் தங்கி ஊருக்குப் பணம் அனுப்பும் பெண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்ற சொல்லுக்கு அவர்கள் பொருள் சொல்வர். 2006-இல் இங்கே திறந்த நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் ஆலை தந்த வாழ்வு ஆலையோடு போகக் கண்டனர். வேலை கொடுத்தோமே என்பர் முதலாளிமார். கொடுத்தோம்! வள்ளலின் சொல் அவர்கள் வாயில் எப்படி வந்தது? உழைப்பை வாங்கிக்கொண்டு கூலி தருவது கொடையாகுமா?

2024 செப்டம்பர் 9-இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சங்கத்துக்கு ஏற்பு என்பது அவர்கள் கோரிக்கைகளுள் தலையாயது. இடையில் மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை தர நிர்வாகம் முன்வந்தது. போராடியோர் அதோடு அமையவில்லை. தொகை கசந்ததாலன்று, தருபவர் மனம் மாறினால் நிற்கக் கூடியது அது என்று அறிந்ததால். 37 நாள் வேலைநிறுத்தம் நீடித்தது. 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவு பெற்றது. அதற்காக அவர்கள் எவர் வீட்டு வாசலிலும் போய் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை.