கோணமலையும் உருவகமும்

திருகோணமலைத் துறைமுகத்தருகே கடலுக்குள் நீண்டு நிற்கும் சுவாமிமலையில் அமைந்த கோணேசர் கோயிலைச் சைவர் தட்சிண கைலாசம் என்பர். கயிலை போன்றது எனின் அது உவமை. வேற்றுமையை நீக்கிக் கயிலையே எனின், தண்டியலங்காரம் கூறும் உருவகம். ஆயினும், எங்கும் நிறைந்த இறைவன் தான் விரும்பிய இடத்தில் வெளிப்படுவான் எனக் கொள்ளும் அடியவருக்கு அது அணியன்று, உண்மை. மாறாக, அம்மலையில் உள்ள 'இராவணன் வெட்டு' எனப்படும் பாறைப் பிளவை அவன் வாளால் நேர்ந்த வரலாறாக நிறுவ முயல்வது, சுவையாயிருப்பினும், வீண்வேலை. 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரின் கோணமலைப் பதிகத்து எட்டாம் பாடல், அவருடைய பிற பதிகங்கள் பலவற்றிற் போலவே, கயிலையை எடுத்த இராவணனின் செருக்கு இறைவன் விரலால் அடங்கியதைச் சொல்கிறது. அங்கே அரக்கன், உயிரின் அறிவை மறைப்பதாகச் சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலத்தைக் குறித்து நிற்கிறான் எனக் கொள்ளலாம். கோணமலைக்கு வருவோர் வெட்டின் ஆழத்தை எட்டிப்பார்ப்பதோடு நில்லாமல் அப்பாடலையும் படித்தல் வேண்டும்.