அறியாமைக்குச் சலுகை உண்டா?

2012 மார்ச் 17 அன்று லண்டனில், டாட்டன்ஹாம் அணியுடன் நடந்த ஆட்டத்தில், போல்டன் அணியின் 23 வயது வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா சுருண்டு விழுந்தார். ஆடுகளத்திலேயே மார்பை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் இதயநோய் மருத்துவரும் இறங்கி ஓடிவந்தார். 78 நிமிடங்கள் தானாகத் துடிக்காத இதயம் மீண்டும் துடித்தது. அடுத்த ஒரு வாரத்துக்குள் பெங்களூரில் உள்ளூர் லீக் ஆட்டமொன்றில் வெங்கடேஷ் என்ற வீரர் விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். அவர் இறந்துபோனார்.

ஆம்புலன்ஸ் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. ஆட்டோவைப் பிடித்தவர்களின் மனம் லண்டன்காரர்களின் மனத்தைவிடக் குறைந்ததல்ல. பதற்றமும் இரக்கமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆட்டம் தொடங்குவதற்கு முன் என்ன ஏற்பாடு இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

நாம் வாழும் ஜெர்மனியில் உதவி சட்டக் கடமை. குற்றவியல் சட்டத்தின் 323-சி பிரிவின்படி, விபத்திலோ அவசரத்திலோ தேவையான உதவியைச் செய்யாமல் விடுபவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். ஆனால் அவரால் செய்யக்கூடியதை மட்டுமே சட்டம் எதிர்பார்க்கிறது. மார்பை அழுத்தத் தெரியாதவர் 112ஐ அழைத்தால் பெரும்பாலும் கடமை முடிந்தது. தெரியாதவனுக்குச் சுமை குறைவு என்றால், தெரிந்துகொள்ளாமல் இருப்பது லாபமா? சட்டம் இதைக் கேட்காது. அறம் கேட்கும்.

எல்லாவற்றையும் ஒருவரால் கற்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. 1785இல் வெளிவந்த தன் அறவியல் நூலில் கான்ட் காட்டும் உதாரணங்களில் இரண்டு இங்கே பொருந்தும்: தன் திறனை வளர்ப்பது ஒரு கடமை, பிறருக்கு உதவுவது இன்னொரு கடமை. இரண்டுமே எதை, எவ்வளவு என்ற தேர்வை நம்மிடம் விடுகின்றன. ஆனால் சில திறன்களில் அந்தத் தேர்வு குறுகிவிடுகிறது. இதயம் நின்றபின், உதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. எவ்வளவு திறமையான மருத்துவரும் வந்து சேர நேரமாகும். அருகில் நிற்பவருக்கு மாற்று ஆள் கிடையாது. கற்கவோ சில மணி நேரம் போதும்.

இளைஞர்களுக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்தால் போதாதா? 2013 ஜூலையில் ஸ்டுட்கார்ட்டர் கிக்கர்ஸ் அணியின் டேனியல் எங்கல்பிரெஹ்ட் 22 வயதில் மூன்றாம் லீக் ஆட்டத்தில் சரிந்தார். காரணம் இதயத்தசை அழற்சி. இத்தகைய நோய் இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் வரலாம். பரிசோதனை தேவைதான், ஆனால் அது மட்டும் காவல் ஆகாது. பின்னர் அவர் நெஞ்சுக்குள் டெஃபிப்ரிலேட்டர் பொருத்திக்கொண்டு களத்துக்குத் திரும்பினார்.

டென்மார்க் 2005இல் பள்ளிகளில் உயிர்மீட்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2001இல் சுமார் 21 சதவீதமாக இருந்த பொதுமக்கள் தலையீடு 2010இல் 45 சதவீதத்தை நெருங்கியது. 30 நாள் தாண்டிப் பிழைத்தோர் விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. 2021இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்து எழுந்ததை உலகமே பார்த்தது. பெயர் தெரியாத பலர் அதே நாட்டின் தெருக்களில் அப்படி எழுந்திருக்கிறார்கள்.

என் தொழிலில், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று சொல்ல மாட்டோம். நம் தமிழ்ப் பள்ளிகளின் விளையாட்டு விழாக்களில் கோப்பை, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் உண்டு. இங்கே எல்லோரும் ‘டெஃபி’ என்று அழைக்கும் கருவி எந்தச் சுவரில் தொங்குகிறது, அந்த அறையின் சாவி யாரிடம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மைதானத்தின் சரியான முகவரியை 112க்கு யார் சொல்வார்?

பிள்ளைகளை ஓடச் சொல்லிக் கைதட்டுகிறவர்கள் நாம். ஓடுகிற பிள்ளைகளில் ஒருவர் விழும்போது நமக்கு ‘தெரியாது’ என்றால், அது இயலாமை அல்ல, அதற்கு முந்தைய ஒரு சனிக்கிழமையில் நாம் எடுத்த முடிவு.