சிறுதேரும் ஊசலும்

என் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெருங்களத்தூரில் அவன் வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் இருக்கிறது. அதில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் பதினோரு ஆண்டுகளாக நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. மாடியறையில் கண்ணாடி அலமாரிகள், அவை நிறைய கார்கள். பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ஸ்கேல் மாடல் என்று சொல்ல வேண்டும். அசலில் பதினெட்டில் ஒரு பங்கு, இருபத்து நான்கில் ஒரு பங்கு, நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு, அறுபத்து நான்கில் ஒரு பங்கு எனத் தட்டுத் தட்டாகப் பிரித்து அடுக்கியிருக்கிறான்.

அவனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவன் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கடையில் வாங்கிய உலோகக் காரை அவன் அப்படியே அலமாரியில் வைப்பதில்லை. அடிப்பாகத்தில் இருக்கும் ரிவிட்டைத் துளையிட்டு எடுத்து, உடல், கண்ணாடி, இருக்கை, சக்கரம் என்று தனித்தனியாகக் கழற்றுவான். பழைய பெயின்டைச் சுரண்டி, பிரைமர் அடித்து, ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாகப் பல முறை நிறம் ஏற்றுவான். கடையில் கிடைக்காத நம் ஊர் வண்டிகளைத் தானே செய்வான். ஒரு பல்லவன் பேருந்தைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டி, சன்னல் கம்பிகளை ஒயரில் செய்திருக்கிறான். படிக்கட்டில் தொங்கும் கைப்பிடிகூட இருக்கிறது. அந்த வேலையில் இருக்கும்போது அவன் முகத்தில் ஓர் அமைதி வரும். ஒரு வரி சரியாக அமையாமல் நாள் முழுக்க அலையும்போது எனக்குள் இருக்கும் அதே அமைதி. அதனால் அவனுடைய ஆசையை வெட்டி வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மாவும் சொல்ல மாட்டாள். “குடிக்கிறானா, சீட்டாடுறானா? காரைத்தானே நோண்டிட்டு இருக்கான்” என்பாள். ஓர் ஆணின் பொழுதுபோக்கை நம் வீடுகள் அளக்கும் அளவுகோல் இதுதான். அது கெட்ட பழக்கமாக இல்லாவிட்டால் போதும், நல்ல பழக்கமாகிவிடும்.

என் கேள்வி வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எங்கிருந்து வருகின்றன?

காலை ஒன்பது மணிக்கு ஷெட்டுக்குள் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் அண்ணன் வெளியே வருவான். அதற்குள் மூன்று முறை டீ, ஒரு சாப்பாடு, அம்மாவின் பிரஷர் மாத்திரை, தண்ணீர் லாரி, பிள்ளையின் டியூஷன், வாசலில் வரும் கூரியர் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நடத்தியவர் அண்ணி. இத்தனைக்கும் நடுவில் ஷெட்டிலிருந்து குரல் வரும். அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்திருப்பான். அண்ணி குந்தி உட்கார்ந்து டார்ச் பிடிப்பார். ஹெரால்டு இங்கிலாந்து வடிவமைப்பு என்பதால் அதன் நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் சேராது, இஞ்ச் ஸ்பானர் வேண்டும். “ஏழு பதினாறு” என்று கை நீட்டுவான். அண்ணி பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார். எம்.காம். படித்தவர். பதினோரு ஆண்டு டார்ச் பிடித்ததில் அந்த வண்டியின் வயிறு அவருக்கு மனப்பாடம்.

ஒரு வீட்டின் நேரம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் போன்றது. மேலே ஒரு குழாயை முழுதாகத் திறந்தால் கீழே இன்னொரு குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மேலே குளிப்பவருக்கு அது தெரியாது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவர் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, அவ்வளவுதான்.

வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். பத்துப் பருவங்களில் காப்பு முதல் அம்புலி வரை ஏழும் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பொது. தாலாட்டும் முத்தமும் நிலவை அழைப்பதும் இருவருக்கும் ஒன்றுதான். கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் பருவத்தில் சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை அவன் காலால் சிதைக்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதே அவனுக்குப் புகழ்ப் பாட்டு. அதன் பிறகு பறை கொட்டுகிறான், பிறகு சிறுதேர் உருட்டித் தெருவில் போகிறான். பெண் ஊஞ்சல் ஆடுகிறாள். ஊஞ்சலும் வேகமாகத்தான் போகிறது, காற்றைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. ஆனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. திசைகளை எல்லாம் வென்றவள் என்று கதை சொல்லும் மதுரை மீனாட்சிக்குக் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழும் ஊசலில்தான் முடிகிறது.

ஸ்கேல் மாடல் நமக்குப் புதிதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்துகொடுத்த, ஏறிப் போக முடியாத சின்னத் தேர் வருகிறது. உருட்டிக் களைத்த சிறுவர்கள் செவிலியிடம் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். பட்டினப்பாலையில் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டும் முற்றத்தில் பெண்கள் தானியம் காய வைத்துக் காவல் இருக்கிறார்கள். கோழியை விரட்ட அவர்கள் எறிந்த காதணி தேருக்குக் குறுக்கே கிடக்கிறது. நகரின் செல்வத்தைக் காட்டுவதற்காகப் புலவர் அதைச் சொன்னார். இன்று எனக்கு அந்தக் காட்சியில் தெரிவது வேறு. தேர் உருளும் இடத்தில் ஒருத்தி தானியத்துக்குக் காவல் இருக்கிறாள். களைத்தவனுக்குப் பாலோடு ஒருத்தி காத்திருக்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஷெட்டின் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

எனக்கும் சின்ன வயதில் ஸ்கேல் மாடல் கிடைத்தது. சொப்பு. திருவிழாவில் வாங்கிய மரச் சொப்பு. அம்மி, உரல், அடுப்பு, குடம், சட்டி எல்லாம் உள்ளங்கை அளவில். அண்ணனுக்கு அதே வயதில் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு மேட்ச்பாக்ஸ் கார் கொண்டுவந்தார். இரண்டும் அசலின் சிறு உருவங்கள்தாம். ஆனால் என் சொப்பு வளர்ந்துவிட்டது. பதினோரு வயதில் அடுப்பு அசல் அடுப்பானது, குடம் அசல் குடமானது. விளையாட்டு வேலையானது. அண்ணனின் கார் வளரவே இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் அவன் அதைக் கையில் வைத்து உருட்டலாம். ரசனை உள்ளவர் என்பார்கள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி மாடியறையில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடினால் என்ன சொல்வோம்? டாக்டரிடம் அழைத்துப் போவோம்.

மேட்ச்பாக்ஸ் கார் என்றேன். அது ஒரு சிறுமிக்காகத் தோன்றியது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். 1952-இல் லண்டனில் லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல் தன் மகளுக்காகப் பித்தளையில் ஒரு ரோடு ரோலர் செய்தார். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளைத்தான் பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது அவள் பள்ளியின் விதி. அந்தச் சிறுமியின் தீப்பெட்டியிலிருந்து புறப்பட்ட வண்டி, கடைக்கு வந்ததும் பையன்களின் அலமாரிக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் இன்னொரு வீடு. 1959-இல் ரூத் ஹேண்ட்லர் பார்பியைக் கொண்டுவந்தார். 1968-இல் அவர் கணவர் எலியட் ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தார். ஒரே நிறுவனம், ஒரே வீடு. பெண் பிள்ளைக்கு ஓர் உடல், ஆண் பிள்ளைக்கு ஒரு வண்டி. அந்த முதல் வரிசையின் பதினாறு கார்களில் பலவற்றின் பெயர் ‘கஸ்டம்’ என்றே தொடங்கும். வாங்கியதை உன் விருப்பப்படி மாற்று என்கிற அழைப்பு அது. நிறுவனத்தின் பெயரான மேட்டலில் கூட்டாளி மேட்சனின் ‘மேட்’ இருக்கிறது, எலியட்டின் ‘எல்’ இருக்கிறது. ரூத் இல்லை.

விருப்பப்படி மாற்றுவது பற்றி அண்ணனுக்கு ஒரு புலம்பல் உண்டு. ஹெரால்டுக்கு வேறு எஞ்சின் பொருத்த ஆசை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. “என் வண்டி, என் காசு. ஆர்.சி. புக்ல என்ன போட்டிருக்கோ அப்படியேதான் இருக்கணுமாம்” என்று ஒரு நாள் சாப்பிடும்போது பொரிந்தான். சாலையில் போகும் மற்றவர்களின் பாதுகாப்புக்கான சட்டம், தேவையானதுதான். ஆனால் அன்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி சிரித்துவிட்டார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அண்ணன் கேட்கவில்லை. நான் பிறகு கேட்டேன். “கல்யாணத்தன்னைக்கு நமக்கும் ஒரு ஆர்.சி. புக் போடுறாங்கல்ல” என்றார்.

அண்ணிக்கும் ஒரு பொழுதுபோக்கு இருக்கட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் சொல்லியும் இருக்கிறார்கள். தையல் கற்றுக்கொள், மாடித்தோட்டம் போடு, சிறுதானிய முறுக்கு சுட்டு விற்றுப் பார். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு உடுத்தக் கொடுக்கிறது, தின்னக் கொடுக்கிறது, காசு கொடுக்கிறது. ஹெரால்டு பதினோரு ஆண்டில் தெருமுனை வரைகூடப் போனதில்லை, அதை யாரும் கணக்குக் கேட்கவில்லை. பெண்ணின் ஆசை மட்டும் வாசலிலேயே தன் பயனைச் சொல்லிவிட்டு உள்ளே வர வேண்டும். சம உரிமை என்றால் சம வேலை, சம கூலி, சம சொத்து என்று நாம் பேசியிருக்கிறோம், இன்னும் பேச வேண்டும். அந்தப் பட்டியலில் பயனில்லாத ஒன்றை நேசிக்கும் உரிமையையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயன் கேட்கப்படாத ஒரு மணி நேரத்தில்தான், தான் யாருக்கும் கருவி இல்லை என்பதை மனிதர் அறிகிறார். அண்ணனுக்கு அது வாரம் தவறாமல் கிடைக்கிறது. அவன் அதைத் திருடவில்லை. அது கொடுக்கப்படுகிறது என்பதை அறியாமல் வாங்கிக்கொள்கிறான். தவறு அந்த அறியாமையில் இருக்கிறது. அறிந்த பிறகும் முறை மாற்றிக்கொள்ளாவிட்டால் அதற்கு வேறு பெயர்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அண்ணியிடம் கேட்டேன். “உங்களுக்கு என்ன பிடிக்கும் அண்ணி? உங்களுக்கே உங்களுக்குன்னு?” ஒன்றுமில்லை என்பார், நான் வருத்தப்படலாம் என்று காத்திருந்தேன் போல. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

“மத்தியானம் அத்தை தூங்கினதும் நான் ஷெட்டுக்குப் போவேன்மா. கார்ல பின் சீட்ல உட்கார்ந்து கதவைச் சாத்திக்குவேன். கண்ணாடியையும் ஏத்திடுவேன். அரை மணி நேரம். ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒன்பது வருஷமா போறேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார். “இப்ப எஞ்சின் வேலை முடியப்போகுதுன்னு சொல்றார். வண்டி ஓட ஆரம்பிச்சுட்டா என் இடம் போயிடும்.”

டார்ச் பிடிக்கும் பெண்ணாகவே அவரை இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். அவருக்கு எதுவும் இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஏறிப் போக முடியாத தேரை அவர் தன் அறையாக்கி வைத்திருக்கிறார். ஆனால் அந்த அறை இரவல். கணவனின் ஆசை நிறைவேறாத வரைக்கும்தான் அது அவருக்கு உண்டு. பெண்களின் ஓய்வு பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது. யாரோ தூங்கும்போது, யாரோ வெளியே போனபோது, ஏதோ ஒன்று பழுதாகி நிற்கும்போது.

பெருங்களத்தூரிலிருந்து திரும்பும் ரயிலில் என் பக்கம் பார்வை திரும்பியது. நானும் ஞாயிறு காலையில்தான் எழுதுகிறேன். எட்டு மணிக்கு அறைக் கதவைச் சாத்துவேன். பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்காத அளவுக்குக் கதவு நன்றாகப் பொருந்தும். துலக்குபவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்று அழைக்கிறேன், சம்பளம் கொடுக்கிறேன், பெண் விடுதலை பற்றி எழுதுகிறேன். அவருடைய ஞாயிறு எங்கே போகிறது என்று ஆறு ஆண்டுகளில் கேட்டதில்லை. அண்ணனுக்கு டார்ச் பிடிப்பவர் அவன் பக்கத்திலாவது உட்கார்ந்திருக்கிறார். நான் கதவைச் சாத்தியிருந்தேன்.

இப்போது அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை, சம்பளப் பிடித்தம் இல்லை. இதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை, தாமதமாகக் கொடுத்த பாக்கி. வீட்டுப் பாத்திரங்களை நானும் கணவரும் வாரம் மாற்றி வாரம் துலக்குகிறோம். என் முறை வரும் ஞாயிறுகளில் கவிதை வருவதில்லை. அது எனக்கு இழப்புதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தொட்டியில் தண்ணீர் அதேதான் இருக்கிறது, என் குழாயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று அக்காவிடம் நான் கேட்பதில்லை. அதற்கும் பயன் கேட்கக் கூடாது அல்லவா?

சென்ற மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் வண்டிக்கு அடியில் இருந்தான். அண்ணியின் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டு, நீங்க போங்க அண்ணி என்றேன். அடியிலிருந்து கை நீண்டது. “ஏழு பதினாறு.” எனக்கு எதுவென்று தெரியவில்லை. வேறு எதையோ கொடுத்தேன். “அவளைக் கூப்பிடு, உனக்குத் தெரியாது” என்றான். “நீயே வெளிய வந்து எடுத்துக்கண்ணா” என்றேன். முனகிக்கொண்டே வந்து எடுத்துக்கொண்டான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, “அவ எங்க?” என்றான். பதினோரு ஆண்டில் அந்தக் கேள்வியை அவன் ஷெட்டில் கேட்டு நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணியிடம் அனுமதி கேட்டேன். பின் சீட்டு விஷயம் அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கினேன்.

“எழுதிக்கோம்மா. அவர் கார் புத்தகம் தவிர வேற எதையும் படிக்க மாட்டார்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “படிச்சா நல்லதுதான்” என்றார்.