விளங்காமை யார் குற்றம்?

தொழினுட்ப எழுத்து என்ற பாடத்தின் இறுதி ஒப்படையாக எமக்கு ஒரேயொரு வினா தரப்பட்டது. இப்பாடத்தைக் கற்ற காலத்தில் ஓர் எழுத்தாளராக நீர் எவ்வாறு வளர்ந்தீர் என்பதே அது. அறிக்கையும் கையேடும் மருந்துக் குறிப்பும் எழுதப் பயிற்றும் பாடத்தில் இத்தகைய வினா சற்றுப் பொருத்தமற்றதாகவே தோன்றிற்று. கவிஞன் வளர்கிறான், நாவலாசிரியன் வளர்கிறான் என்றால் அதற்குப் பொருளுண்டு. நீரிறைக்கும் பொறியை இயக்கும் முறையை எழுதுபவனுக்கு வளர்ச்சியென்று யாது உளது? தலைப்பிடக் கற்றேன், அட்டவணை அமைக்கக் கற்றேன், நெடிய வாக்கியத்தைப் பிரிக்கக் கற்றேன் என ஒரு பக்கம் எழுதி வைத்தேன். அவை யாவும் உண்மையே. ஆயினும் மீண்டும் வாசித்தபோது, பாடத்தின் நடுவிற் பம்பலப்பிட்டித் தொடர்மாடியொன்றின் சமையலறையில் நிகழ்ந்ததைப் பற்றி அப்பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லாதிருக்கக் கண்டேன்.

வீட்டிற் பயன்படும் ஏதேனுமொரு செய்முறையைத் தமிழில் எழுதி, ஒருவரிடம் கொடுத்து, எழுதியபடியே அவர் செய்வதை வாய் திறவாது பார்த்திருந்து குறிப்பெடுக்க வேண்டும். இதுவே இடையில் தரப்பட்ட ஒப்படை. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலை நான் தெரிந்துகொண்டேன். ‘ஜீவனி’ என்றால் எங்கள் நாட்டில் யாவர்க்கும் விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தியமைத்த சூத்திரத்தைத் தேடியெடுத்தேன். ஓர் இலீற்றர் நீருக்குச் சோடியங் குளோரைட்டு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியங் குளோரைட்டு 1.5 கிராம், முச்சோடியஞ் சித்திரேற்று 2.9 கிராம், ஆக 20.5 கிராம். இவ்வளவையும் முதற் பந்தியிலேயே பெருமையோடு எழுதினேன். அதன் பின்னர், ‘பொதியிலுள்ள பொடியை ஓர் இலீற்றர் கொதித்தாறிய நீரிற் சிறிது சிறிதாகக் கரைத்துப் பருகக் கொடுக்கவும்’ என்றொரு வாக்கியம். ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப எழுதலாகாது என்ற பள்ளிப் பயிற்சியின் பயனாக, பொதி என்றதை அடுத்த வரியில் உறை என்றும், அதற்கடுத்த வரியிற் பைக்கற்று என்றும் மாற்றியிருந்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, அளவுப்பிழையும் இல்லை.

தாளை வாங்கியவர் மேல்மாடியில் வசிக்கும் அன்ரி. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவர். தமது அநுபவத்தை ஒதுக்கிவைத்து, எழுத்தில் உள்ளதை மாத்திரம் செய்யும்படி வேண்டியிருந்தேன். அவர் இருமுறை வாசித்தார். மேசையிலிருந்த ஒன்றரை இலீற்றர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டு, ஒரு கிளாசை எடுத்தார். பொதியைக் கத்தரித்து, ஒரு தேக்கரண்டி பொடியைக் கிளாசில் இட்டுக் கலக்கினார். மிகுதியை அடுத்த கிளாசுக்கென மடித்து வைத்தார். சிறிது சிறிதாகக் கரைக்கும்படி அன்றோ நான் எழுதியிருந்தேன்! பின்பு என்னைப் பார்த்து, “பொதி வேறை, உறை வேறையோ பிள்ளை? இன்னொண்டு இருக்கவேணுமோ?” என்று கேட்டார். நான் விடை சொல்லலாகாது. சற்று நேரம் தாளையே நோக்கியிருந்துவிட்டு, “எனக்கு வயசு போட்டுது. முந்தி மாதிரி விளங்குதில்லை” என்றார்.

கரைசலில் உப்பு மிகுந்தாற் குழந்தையின் குருதியிற் சோடியம் கூடி நிலைமை மேலும் கெடும். குறைந்தாலோ, இழந்த உப்பு ஈடாகாது. எண்களெல்லாம் சரியாயிருந்த என் தாள் இவ்விரு கேட்டுக்கும் வழிதிறந்து வைத்திருந்தது. எனினும் அன்று என்னை வருத்தியது இதுவன்று; பயிற்சிக்காகக் கலக்கிய கரைசல் கைகழுவுந் தொட்டியிற் போயிற்று. தமிழாசிரியை ஒருவர் என் பிழையைத் தம் மூப்பின்மேல் ஏற்றிக்கொண்டதும், அதனை நான் கேட்டுக்கொண்டு நின்றதுமே என் உள்ளத்தைத் தைத்தன.

‘சிறிது சிறிதாக’ என்ற தொடரை நான் ‘கொடுக்கவும்’ என்பதற்கு அடையாகக் கருதியே எழுதினேன். வைத்த இடமோ ‘கரைத்து’ என்பதன் முன். செய்யுளில் ஒரு சொல் நடுவே நின்று முன்னும் பின்னும் சென்று பொருள் தருமாயின், அதனை இடைநிலைத் தீவகம் எனப் பெயரிட்டுப் போற்றுகிறோம். பல பொருள் தருதல் அங்கே செல்வம். கிளாசும் கரண்டியுமாக நிற்பவருக்கு அதே செல்வம் நஞ்சாகலாம். இலக்கிய வாசகர் ஒரு வரியைத் தவறாக உணர்ந்தால் ஒரு சுவையை இழப்பார், சில வேளை புதிய சுவையொன்றைப் பெறுவார். செய்முறையின் வாசகர் வாசித்ததும் கையை நீட்டுகிறார். அக்கையின் விளைவை அவரோ அவர் மடியிலுள்ள குழந்தையோ அநுபவிக்க வேண்டும். எழுதியவன் அவ்விடத்தில் இல்லை. தான் இல்லாத இடத்திற் பிறர் செய்யப்போகும் செயலுக்குப் பொறுப்பேற்றல் என்பது இலக்கணப் பாடத்துள் அடங்கும் பொருளன்று. அது அறத்தின் பாற்பட்டது.

எமது மரபு இவ்வினாவை இரு முனையிலும் தொட்டிருக்கிறது. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தென வகுத்தார். மயங்க வைத்தல் அவற்றுள் ஒன்று. நின்று பயனின்மை மற்றொன்று. அதே பாயிரத்தில் மாணாக்கரையும் தரம் பிரித்து, கடைமாணாக்கருக்கு ஓட்டைக் குடத்தையும் நெய்யரியையும் உவமை காட்டினார். வகுப்பறைகளில் எத்தனையோ முறை இந்த ஓட்டைக் குடத்தைக் கேட்டிருக்கிறோம். மயங்க வைத்தலைச் சொல்லித் தம்மையே நொந்துகொண்ட ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை. (கூறியது கூறலும் அப்பத்தில் ஒன்றுதான். ஆயினும் பொதியை மூன்று வரியிலும் பொதியென்றே கூறியிருந்தால் அன்ரி இன்னொன்றைத் தேடியிருக்கமாட்டார். பவணந்தியாரோடு இந்த ஓரிடத்தில் மாத்திரம் மாறுபட நேர்கிறது.)

இப்பொறுப்பை வெறும் உணர்ச்சியாக விடாது ஊதியக் கணக்கிலேயே ஏற்றியவர்களும் உளர். 1980ஆம் ஆண்டு தொடக்கம் வங்காளதேசத்திற் பிராக் நிறுவனத்தின் பெண் ஊழியர் கிராமந்தோறும் வீடு வீடாகச் சென்று, இத்தகைய கரைசலைத் தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்பித்தனர். பொதியில்லை, கிராம்நிறையில்லை. மூன்று விரல் நுனியால் அள்ளும் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர். அளவுகோல் தாயின் கையே. சில நாட்களின் பின் வேறொருவர் சென்று, தாய்மார் எவ்வளவை நினைவில் வைத்திருக்கின்றனர் என்று சோதிப்பார். அந்நினைவின் அளவுக்கேற்பவே கற்பித்தவருக்கு ஊதியம். தாய் மறந்தாற் கூலி குறையும். ஓட்டைக் குடம் என்று சொல்லித் தப்ப வழியில்லை. இதனினும் கடுமையான திறனாய்வை எந்த இலக்கிய ஆசிரியனும் எதிர்கொண்டிரான் என எண்ணுகிறேன். வறிய ஊழியரின் கூலியைப் பிறர் நினைவில் தொங்கவிடுவது முற்றிலும் நீதியாகுமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆயினும் பாரம் எப்பக்கம் இருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் சரியாகவே கண்டனர்.

இவற்றை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் உடன்படவில்லை. எல்லாவற்றையும் மூன்று விரலுக்குக் குறைத்துவிட்டால், தமிழில் விஞ்ஞானம் எப்படி வளரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடும்போது மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவுக்கு வருகிறார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க மிசன் மருத்துவர் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி வெளியேறுவர், தமிழிற் கற்றோர் ஊரிலே நின்று ஊரவரைப் பார்ப்பர் என்பது அவர் எண்ணம். மாணவர்களான டன்போத், சப்மன் முதலியோரைத் துணைக்கொண்டு ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவரச் செய்தார். முதலில் தமிழிற் சொல்லைத் தேடுதல், கிடையாவிடின் வடமொழியிலே தேடுதல், அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் அமைத்தல் என்பது அவர் கைக்கொண்ட ஒழுங்கு.

அங்காதிபாதம் என்ற சொல் அன்றைய மானிப்பாய்க் கமக்காரருக்கு விளங்கியிராது. அதற்காகக் கிறீனைக் குறைகூறுதல் தகாது. அவருடைய வாசகர் வகுப்பில் எதிரே அமர்ந்திருந்தனர். விளங்காத முகத்தை அவர் கண்டார்; கண்டவுடன் விளக்கினார். புதிய சொல்லொன்றை ஆக்குபவன் அதனைக் கற்பிக்கும் கடனையும் உடனேற்கின்றான். கிறீன் அக்கடனைத் தீர்த்தவர். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளும் ஆசிரியர் கையிற் சென்று சேர்ந்தமையாலேயே பயன் தந்தன. கடினச் சொல் குற்றமாவது, அருகில் ஒருவரும் இல்லாத இடத்தில் அதனை விட்டுச் செல்லும்போதுதான். நள்ளிரவிற் குழந்தையோடு விழித்திருக்கும் தாய்க்கு ‘முச்சோடியஞ் சித்திரேற்று’ என்று எழுதிய நான், எவரை மனத்திற்கொண்டு எழுதினேன்? புள்ளியிடும் விரிவுரையாளரை. இன்னும் உண்மையாகச் சொன்னால், என்னையே. அத்தாளில் அந்தத் தாய் எங்கும் இருக்கவில்லை.

மறுவாரம் தாளைத் திருத்தி எடுத்துச் சென்றேன். சூத்திரம் முழுவதும் போயிற்று. ‘ஓர் இலீற்றர்ப் போத்தல் ஒன்றை எடுங்கள். ஒன்றரை இலீற்றர்ப் போத்தல் வேண்டாம். கொதித்து ஆறிய நீரை அதில் நிரப்புங்கள். ஒரு பொதியிலுள்ள பொடி முழுவதையும் ஒரே தடவையில் அதில் இடுங்கள்’ என்றவாறு சிறு வாக்கியங்கள். ‘சிறிது சிறிதாக’ என்பது குடிக்கக் கொடுக்கும் வரிக்குப் போய்ச் சேர்ந்தது. பொதி எல்லா இடத்தும் பொதியாகவே நின்றது. வாசிக்க இன்பந் தரும் நடையன்று. ஓய்வுபெற்ற தமிழாசிரியை அதனைக் கண்டு முகஞ் சுளிப்பாரோ என்று அஞ்சினேன். அவர் சுளிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்து முடித்தார். கரைசல் சரியாக அமைந்தது.

இறுதி வரி ஒன்று எஞ்சியிருந்தது. கரைசலை 24 மணித்தியாலத்திற்கு மேல் வைத்திருத்தலாகாது. ஆதலால், ‘24 மணித்தியாலத்தின் பின் மீதமுள்ளதை ஊற்றிவிடுங்கள்’ என்று எழுதியிருந்தேன். அன்ரி அதனை உரக்க வாசித்தார். இம்முறை வயதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“எங்கை ஊத்துறது பிள்ளை? வெளியிலையோ, குழந்தையின்ரை வாயிலையோ?”

பென்சிலை வாங்கி, அவர் எதிரிலேயே அவ்வரியை வெட்டினேன்.